டிஸ்க் இருக்கு, செட்டப்புக்குத்தான் தெரியலை!

(9-ஆம் வகுப்பு மாணவி எழுதியது)



ஒரு கம்ப்யூட்டருக்கு விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டம், தேவை என்று எல்லாருக்கும் தெரியும். அதை சி.டி.யில் இருந்தோ பென்டிரைவில் இருந்தோ ஹார்டு டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். ஏற்றிக் கொடுக்கிற நிரலுக்குப் பெயர் செட்டப். சில நேரம் இந்த செட்டப் பாதி தூரம் வந்து நின்றுவிடும். "உங்கள் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் எதையும் காணவில்லை" என்று சொல்லும். பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தால் உள்ளே டிஸ்க் சுற்றுகிற சத்தம் நன்றாகக் கேட்கும். ஆனாலும் இல்லையாம்! இது ஏன் வருகிறது, வந்தால் எங்கே பார்க்கணும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் ஏறி தரைப்பாலம் மூழ்கினால் நம்ம ஊருக்கு பஸ் வராது. பஸ் வரலைங்கிறதுக்காக ஊரே இல்லைன்னு சொல்லலாமா? அதே மாதிரிதான் இதுவும். டிஸ்க் என்பது ஊர். செட்டப் என்பது பஸ். நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. அந்தப் பாலம் மதர்போர்டில் இருக்கும் ஒரு சிப். அதை கன்ட்ரோலர் என்பார்கள். அந்தப் பாலத்தில் எப்படிப் போவது என்று தெரிந்த சிறிய நிரலுக்கு டிரைவர் என்றே பெயர். (பெயர் பொருத்தத்தைப் பாருங்க!) பாலத்தை மாற்றிக் கட்டிவிட்டார்கள், டிரைவருக்கோ பழைய பாலம்தான் தெரியும் என்றால், பஸ் அந்தப் பக்கமே நின்றுவிடும். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் முதலில் எழுந்திருப்பது விண்டோஸ் இல்லை. மதர்போர்டிலேயே ஒரு சிப்பில் பதிந்து வைத்திருக்கும் பயாஸ் என்ற நிரல்தான். புதிய கணினிகளில் இதற்கு யுஇஎஃப்ஐ என்று பெயர், ஆனால் கடைக்காரர்கள் இதையும் பயாஸ் என்றே சொல்கிறார்கள். நினைவகம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று வருகைப் பதிவு எடுப்பது இதன் வேலை. டிஸ்க்கோடு பேச பயாஸுக்குச் சொந்த வழி இருக்கிறது. செட்டப் ஓடத் தொடங்கியதும் அது பயாஸின் வழியை விட்டுவிட்டு, தான் கொண்டுவந்த டிரைவர்களை வைத்துத்தான் டிஸ்க்கைத் தேடும். அதனால்தான் பயாஸுக்குத் தெரிகிற டிஸ்க் செட்டப்புக்குத் தெரியாமல் போகிறது.

ஆகவே யார் வீட்டில் இந்தச் செய்தி வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பயாஸ்ல டிஸ்க் பேரு தெரியுதா?" ஆன் செய்தவுடன் டெலீட் பட்டனையோ எஃப்2 பட்டனையோ தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். (சில கம்பெனிகளில் எஃப்10, எஃப்1 என்று மாறும். திரையின் அடியில் எழுதியிருக்கும்.) அங்கே டிஸ்க்கின் கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

எங்கள் மூன்றாவது கம்ப்யூட்டர்

நம் பள்ளியில் 4 கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. 2009-இல் செய்த பழைய பெட்டிகள். விண்டோஸ் எக்ஸ்பி போட்டவை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதனால் அவற்றை இணையத்தோடு இணைப்பதில்லை. தட்டச்சு பழகவும் படம் வரையவும் மட்டும் வைத்திருக்கிறோம். எங்கள் வகுப்பில் 36 பேர். 4 கம்ப்யூட்டர் ஓடினால் ஒன்றுக்கு 9 பேர். ஒன்று நின்றுபோனால் 12 பேர். ஒரு பீரியடில் 12 பேர் என்றால் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் வருகிறது. கடைசியில் நிற்பவர்களுக்கு அதுவும் இல்லை, மணி அடித்துவிடும்.

2025 அக்டோபரில் காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது மூன்றாவது கம்ப்யூட்டர் ஓடவில்லை. ஆன் செய்தால் விண்டோஸ் படம் வரும், ஒரு நொடி நீலத் திரை மின்னும், மறுபடியும் முதலில் இருந்து தொடங்கும். இப்படியே திரும்பத் திரும்ப. சரி, எக்ஸ்பியைப் புதிதாகவே போட்டுவிடலாம் என்று டவுனில் ஒரு கடைக்கு அனுப்பினார்கள். அங்கே செட்டப் சி.டி. போட்டவுடன் நான் மேலே சொன்ன செய்தி வந்திருக்கிறது. "டிஸ்க் போயிடுச்சு, புதுசுதான் போடணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். புது டிஸ்க்குக்கு இப்போது பணம் இல்லை என்று பெட்டி திரும்பி வந்து மூலையில் உட்கார்ந்தது.

அதில் டீச்சர்கள் ஆறு வருடமாகத் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் இருந்தன. ஆண்டு விழாப் படங்களும் இருந்தன. காலமான நம் சத்துணவு அம்மா பெண் பிள்ளைகளோடு சேர்ந்து கும்மியடித்த படம் வேறு எங்கேயும் கிடையாது, அந்த டிஸ்க்கில் மட்டும்தான்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு சனிக்கிழமை வந்தார். அறிவியல் டீச்சர் எங்கள் நான்கு பேரைக் கூடவே இருந்து குறிப்பு எடுக்கச் சொன்னார். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கவே இல்லை. ஆன் செய்து டெலீட் பட்டனைத் தட்டினார். பயாஸ் திறந்தது. டிஸ்க்கின் பெயர், மாடல் எண், 160 ஜிபி எல்லாம் அழகாக இருந்தது! "டிஸ்க் உயிரோடதான் இருக்கு. தேதியைப் பாருங்க" என்றார். மூலையில் 01-01-2009 என்று இருந்தது. மணி 00:04.

எங்களுக்கு முதலில் புரியவில்லை. அண்ணன் விளக்கினார். பயாஸில் நாம் செய்யும் அமைப்புகளும் கடிகாரமும் மின்சாரம் இல்லாதபோதும் மறக்காமல் இருக்க மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது. சிஆர்2032 என்பது அதன் எண். 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன். எண்ணிலேயே அளவு ஒளிந்திருக்கிறது பார்த்தீங்களா? 3 வோல்ட் கொடுக்கும். ப்ளக்கில் மின்சாரம் இருக்கும் வரை இந்தப் பேட்டரிக்கு அதிகம் வேலை இல்லை. விடுமுறைக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனோம் அல்லவா? அத்தனை நாளும் அந்தக் கிழட்டுப் பேட்டரிதான் தனியாகத் தாங்கியிருக்கிறது. முடியவில்லை. பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, தொழிற்சாலையில் வைத்த அமைப்புக்கே திரும்பிவிட்டது. அதில் மாறிப்போன ஒரு வரிதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். அந்த வரியின் பெயர் சாட்டா மோட்.

சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் மெல்லிய கேபிள் முறை. அந்த கன்ட்ரோலர் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஒன்று ஐடிஇ முறை. இது 1980-களில் வந்த பழைய பழக்கம். இன்னொன்று ஏஹெச்சிஐ முறை, 2004-இல் வந்தது. ஏஹெச்சிஐ வேகமானது. பல கட்டளைகளை வரிசையில் வாங்கி, எது பக்கத்தில் இருக்கிறதோ அதை முதலில் எடுக்கும். ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001-இல். மூன்று வருடம் கழித்துப் பிறக்கப் போகிற பாலத்தை அதற்கு எப்படித் தெரியும்? எக்ஸ்பி சி.டி.க்குள் ஏஹெச்சிஐ டிரைவர் கிடையாது. அதற்குப் பிறகு வந்த விஸ்டாவில்தான் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்த்தது. அதனால்தான் முன்பு யாரோ எங்கள் கம்ப்யூட்டரில் ஐடிஇ என்று மாற்றி வைத்து எக்ஸ்பி போட்டிருக்கிறார்கள். பேட்டரி இறந்ததும் அது ஏஹெச்சிஐ-க்குத் திரும்பிவிட்டது. ஏற்கெனவே இருந்த எக்ஸ்பியும் நின்றது, புதிதாக வந்த செட்டப்பும் நின்றது.

இதை நாங்கள் நம்பினாலும், அண்ணன் நிரூபித்தே காட்டினார். அவரிடம் பப்பி லினக்ஸ் போட்ட ஒரு பென்டிரைவ் இருந்தது. பப்பி என்றால் நாய்க்குட்டி! மிகவும் சிறிய இயங்குதளம், டிஸ்க்கில் ஏற்றாமலே பென்டிரைவில் இருந்து ஓடும். லினக்ஸுக்கு ஏஹெச்சிஐ தெரியும். எந்த அமைப்பையும் மாற்றாமல் அதை ஓட்டினார். டிஸ்க் திறந்தது. வினாத்தாள்கள் வரிசையாக இருந்தன. கும்மிப் படமும் இருந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஒரே பெட்டி, ஒரே டிஸ்க், ஒரே கேபிள். ஒன்றுக்குத் தெரிகிறது, இன்னொன்றுக்குத் தெரியவில்லை. அப்படியானால் குறை டிஸ்க்கில் இல்லை என்று தெளிவாகிவிட்டதல்லவா? இது அறிவியல் பாடத்தில் சோதனைக் குழாய் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது மாதிரி.

அடுத்து அண்ணன் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சரி செய்கிற வேலைக்குப் போகாமல் முதலில் எல்லாக் கோப்புகளையும் இன்னொரு பென்டிரைவில் நகல் எடுத்தார். நாற்பது நிமிடம் ஆனது. "அதான் கண்டுபிடிச்சாச்சே, மாத்துங்கண்ணே" என்று நாங்கள் அவசரப்பட்டோம். "காப்பி எடுக்காம கை வைக்கக் கூடாதும்மா" என்றார். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து புது பேட்டரி போட்டார். பயாஸில் சாட்டா மோட் என்ற இடத்தில் ஐடிஇ வைத்து, தேதியைச் சரிசெய்து, எஃப்10 அழுத்திச் சேமித்தார். எக்ஸ்பி அப்படியே எழுந்து வந்தது! புதிதாகப் போட வேண்டிய தேவையே இருக்கவில்லை. பேட்டரி விலை நாற்பது ரூபாய்.

கடைக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தச் செய்தியைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதை முழுதாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. எக்ஸ்பி செட்டப் மூன்று விஷயம் சொல்கிறது. டிஸ்க்குக்கு மின்சாரம் வருகிறதா பார், கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா பார், டிஸ்க் சம்பந்தமான வன்பொருள் அமைப்பு சரியா பார். மூன்றாவது வரியில்தான் விடை இருந்தது. முதல் வரியிலேயே "டிஸ்க் இல்லை" என்று வந்துவிடுவதால் யாரும் மூன்றாவது வரைக்கும் போவதில்லை போலிருக்கிறது.

ஐடிஇ-க்கு மாற்ற வழியே இல்லாத பெட்டியில் எக்ஸ்பி போட முடியாதா என்றால், ஒரு வழி இருந்தது. செட்டப் தொடங்கும்போது திரையின் அடியில் "எஃப்6 அழுத்து" என்று சில நொடிகள் வரும். அழுத்தினால் டிரைவரை வெளியே இருந்து கேட்கும். எதில் கேட்கும் தெரியுமா? ஃபிளாப்பியில்! 1.44 எம்பி மட்டுமே பிடிக்கும் அந்தச் சதுரத் தட்டை நம்மில் பலர் சேமிப்புப் பட்டனின் படமாகத்தான் பார்த்திருக்கிறோம். சாட்டா டிஸ்க் வந்த காலத்திலேயே பல கம்ப்யூட்டரில் ஃபிளாப்பி செருகும் இடத்தை எடுத்துவிட்டார்கள். இல்லாத வாசல் வழியாக வா என்றது மாதிரி. அதனால் விவரம் தெரிந்தவர்கள் என்லைட் என்ற மென்பொருளால் டிரைவரை சி.டி.க்குள்ளேயே சேர்த்துப் புது சி.டி. செய்துகொண்டார்கள்.

பயாஸிலும் தெரியாவிட்டால்?

அப்போது கதை வேறு. பாலத்தில் இல்லை, ஊரிலோ ஊர்ச் சாலையிலோதான் குறை. பெட்டியின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு (ப்ளக்கையே பிடுங்கணும், ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது), பெரியவர்கள் ஒருவர் கூட இருக்கும்போது மட்டும் திறந்து பார்க்கலாம். டிஸ்க்குக்கு இரண்டு இணைப்பு வரும். அகலமானது மின்சாரம், குறுகியது தகவல். இரண்டையும் கழற்றி மறுபடி அழுத்திச் செருகினாலே பல நேரம் சரியாகிவிடும் என்று அண்ணன் சொன்னார். இல்லாவிட்டால் வேறு கேபிள், வேறு துளை. மிகப் பழைய பட்டையான ரிப்பன் கேபிள் டிஸ்க்குகளில் ஜம்பர் என்ற குட்டித் தொப்பி இருக்கும். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ் என்று வைக்க வேண்டும். இரண்டுமே மாஸ்டர் என்று வைத்தால் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாமல் போகலாம். கேபிள் மாற்றியும் தெரியவில்லை, உள்ளே டிக் டிக் என்று ஒரே மாதிரி தட்டுகிற சத்தம் வேறு கேட்கிறது என்றால், டிஸ்க் உண்மையிலேயே போய்க்கொண்டிருக்கிறது. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காமல் நிறுத்திவிட வேண்டும். உள்ளே முக்கியமானது இருந்தால் அதை மீட்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

புது லேப்டாப்பிலும் இதே கதைதான்

"இதெல்லாம் பழைய பெட்டி சமாச்சாரம், எங்க அக்கா லேப்டாப் புதுசு" என்று நினைக்காதீங்க. பெயர்கள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். 2020-இல் வந்த இன்டெல் 11-ஆம் தலைமுறை சிப்பில் இருந்து பல லேப்டாப்களில் டிஸ்க்குக்கு முன்னால் விஎம்டி என்று ஒரு புதுப் பாலம் வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10, 11 செட்டப்பில் இதற்கான டிரைவர் இல்லாமல் இருந்தால், எந்த டிஸ்க்கில் போடணும் என்று கேட்கிற பக்கம் காலியாக வரும். டிரைவ் எதையும் காணவில்லை, டிரைவரை ஏற்று என்று சொல்லும். இருபது வருடத்துக்கு முன்னால் எக்ஸ்பி சொன்னதைத்தான் இது கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறது.

நல்ல வேளை, இது ஃபிளாப்பி கேட்பதில்லை. லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் நம் மாடலுக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, செட்டப் பென்டிரைவிலேயே ஒரு ஃபோல்டரில் வைத்து, 'லோடு டிரைவர்' என்பதை அழுத்திக் காட்டினால் போதும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. இறக்கிய கோப்பு ஒரே பொட்டலமாக வந்தால் அதை அப்படியே வைத்தால் செட்டப்புக்குத் தெரியாது. பிரித்து, உள்ளே ஐஎன்எஃப் என்று முடிகிற கோப்பு இருக்கிற ஃபோல்டரைத்தான் காட்ட வேண்டும். மூட்டையைக் காட்டினால் பசி தீராது, பிரித்துச் சமைக்கணும்!

பயாஸில் விஎம்டியை அணைத்துவிடு என்றும் பலர் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் டிஸ்க் காலியாக இருக்கும்போது அல்லது உள்ளே இருப்பது வேண்டாம் என்கிறபோது மட்டும் அதைச் செய்வதே நல்லது. விஎம்டி இருக்கும்போது போட்ட விண்டோஸ், அதை அணைத்ததும் நம் மூன்றாவது கம்ப்யூட்டர் மாதிரியே நீலத் திரையில் நின்றுவிடும். மறுபடி ஆன் செய்தால் பழையபடி வந்துவிடும் என்பதால் பயப்பட வேண்டியதில்லை. அது பயாஸ் மாற்றம்தானே, டிஸ்க்கைத் தொடவில்லை. இன்னொன்று, புதிய விண்டோஸ் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் கை வைத்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு லினக்ஸ் போடுகிறவர்களுக்கும் சில லேப்டாப்பில் "ஆர்எஸ்டியை அணைத்துவிட்டு வா" என்று செய்தி வரும். அதுவும் இதே பாலம்தான்.

டிஸ்க் தெரிந்துவிட்டது, அப்புறம்?

இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. தெரியாத வரைக்கும் செட்டப்பால் டிஸ்க்கை ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்த பிறகுதான் ஒரே பட்டனில் அழிக்க முடியும்! அதனால் வரிசையில் எது நம் டிஸ்க் என்று அளவை வைத்துப் பார்க்கணும். 8 ஜிபி அல்லது 16 ஜிபி என்று ஒன்று தெரிந்தால் அநேகமாக அது நாம் செருகிய பென்டிரைவேதான். 160 ஜிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸில் 149 என்று காட்டும், 500 என்றால் 465 என்று காட்டும். யாரும் திருடவில்லை. டிஸ்க் கம்பெனி ஒரு ஜிபி என்றால் 100,00,00,000 பைட் என்று கணக்கிடுகிறது. விண்டோஸ் 1024 × 1024 × 1024 பைட் என்று கணக்கிடுகிறது. 160-ஐ வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள், கணக்கு சார் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்.

டெலீட், ஃபார்மட் என்ற இரண்டு சொல் வருகிற பக்கத்தில், நகல் எடுத்தாச்சா என்று கேட்காமல் யாரையும் பட்டனைத் தொட விடாதீங்க. அண்ணனாக இருந்தாலும் சரி, கடைக்காரராக இருந்தாலும் சரி, கேட்டுவிட வேண்டும். கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

மற்ற மூன்று கம்ப்யூட்டருக்கும் அதே வயதுதான், அதே பேட்டரிதான். டீச்சர் மூன்று பேட்டரி வாங்கி வைத்திருக்கிறார். அரையாண்டு விடுமுறைக்கு மெயின் ஸ்விட்ச் அணைப்பதற்கு முன்னால் மாற்ற வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் "சாட்டா மோட் – ஐடிஇ" என்றும் பேட்டரி மாற்றிய தேதியையும் எழுதி ஒட்டும் வேலை எங்கள் நான்கு பேருக்குக் கொடுத்திருக்கிறார். பார்க்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கணினி அறைக்கு வரலாம்.